எமெய் மலைப் படிகளில் தனியாக

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், செங்டு நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது எமெய் மலை. உயரம் 3,099 மீட்டர். பௌத்தர்களுக்குப் புனிதத் தலம். 1996-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பஸ்ஸும் கேபிள் காரும் உச்சிவரை கொண்டுபோய் விட்டுவிடும். நான் படி வழியே ஏறினேன், துணைக்கு ஆளில்லாமல். காட்டில் சருகு அசைந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். என்னைப்போல் பயந்த சுபாவம் உள்ளவர்களுக்காகத்தான் இன்று இந்த மலையைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் ஏறத் தொடங்கியது வான்நியான் கோயிலிலிருந்து. ஆறு தந்தம் கொண்ட யானைமேல் அமர்ந்த சமந்தபத்திர போதிசத்துவரின் வெண்கலச் சிலை அங்கே இருக்கிறது. 980-ஆம் ஆண்டில் வார்த்தது. வெளியே குளத்தோரம் வந்தபோது, யாரோ தம்புராத் தந்தியைச் சுண்டிப் பார்ப்பதுபோல ஒரு நாதம். சுற்றிலும் ஒருவரும் இல்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, தவளை! ஆண் தவளை கரைச் சேற்றில் வளை தோண்டி, உள்ளே இருந்தபடியே பாடுகிறது. வளைக்குள்ளிருந்து வரும் குரல் சற்று நீண்டு, கனத்து ஒலிக்கும். பெண் தவளைக்குப் பிடித்தது அந்தக் குரல்தான். முட்டையிட இடம் தயார் என்று அதிலேயே தெரிந்துகொள்கிறது. அந்தக் காலத்தில் கவிஞர் லி பாய்க்குத் துறவி ஒருவர் இங்கே தந்தி வாத்தியம் வாசித்தாராம். அதைக் கேட்டுக் கற்றவை இந்தத் தவளைகள் என்று ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள்.

அங்கிருந்து ஆயிரம் மீட்டர் உயரம், எல்லாம் கல்படிகள். மழையில் நனைந்து பாசி பிடித்த படிகள். மூடுபனி இறங்கிவிட்டால் பத்துப் படிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. மூங்கில் புதருக்குள் ஏதாவது சலசலத்தால் நின்றுவிடுவேன். பறவை கத்திய பிறகுதான் அடுத்த படி.

சீசியாங்ச்சி கோயிலுக்குக் கீழே, படியின் நடுவில், உட்கார்ந்திருந்தது ஒரு திபெத்தியக் குரங்கு. மக்காக் குரங்கினங்களில் உருவத்தில் பெரியது இதுதான். அடர்ந்த பழுப்பு மயிர், கன்னத்தில் தாடி, வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். கண்ணுக்கு நேரே பார்த்தால் அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். பையை முன்பக்கம் அணைத்துக்கொண்டு, பார்வையைத் தாழ்த்தி, கைப்பிடிச் சுவரோரம் நின்றேன்.

மேலிருந்து இன்னொரு ஆண் குரங்கு இறங்கி வந்தது, மார்போடு ஒரு குட்டி. இரண்டுக்கும் சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது குட்டியை நீட்டியது. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதைத் தூக்கின. இரண்டு வாயிலிருந்தும் பற்கள் வேகவேகமாக மோதும் ஒலி: டக டக டக டக. ஆண்களுக்கிடையே பதற்றம் வந்தால் இந்தக் குரங்குகள் இப்படித்தான் குட்டியை நடுவில் வைத்துச் சமாதானம் செய்துகொள்கின்றன. குட்டி தலைகீழாகத் தொங்கியபடி என்னையே பார்த்தது. எத்தனை அழகான ஏற்பாடு! என் நடுக்கம் எப்போது நின்றதென்று எனக்கே தெரியவில்லை.

இந்த மலைக் குரங்குகள் பையைப் பிடுங்கும், கடிக்கும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் யார்? புண்ணியம் என்று யாத்திரிகர்களும், படம் எடுக்கப் பயணிகளும், ஆண்டாண்டுகளாகக் கையால் ஊட்டியதன் விளைவு இது. பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், தின்பண்டம் என்று ஓடிவருகின்றன. வெறுங்கையோடு போகிறவரை அநேகமாகத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தயவுசெய்து எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு ஒன்றுமில்லை, அடுத்துத் தனியாக வருகிறவருக்குத்தான் ஆபத்து.

தனியாகப் போகிறவர்கள் இருட்டும்முன் கோயிலை அடைந்துவிடுங்கள். 2,070 மீட்டர் உயரத்தில் இருக்கும் சீசியாங்ச்சியில் இரவு தங்கலாம். போதிசத்துவர் தம் யானையைக் குளிப்பாட்டியதாகச் சொல்லும் சிறிய குளம் அங்கேதான் இருக்கிறது. அறைக்குள் நுழைந்ததும் முதலில் ஜன்னலைத் தாழிட்டுவிடுங்கள்.