ஓட்டில் ஜெயித்த டேலி



'பிளாக் மாஸ்க்' என்று அமெரிக்காவில் ஒரு துப்பறியும் கதைப் பத்திரிகை இருந்தது. 1930 வாக்கில் தன் வாசகர்களிடம் அது ஓட்டெடுத்தது: நம் எழுத்தாளர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? களத்தில் ஒருவர் டாஷியல் ஹாமெட். அவருடைய 'மால்டீஸ் ஃபால்கன்' அதே பத்திரிகையில் ஐந்து இதழ்களாகத் தொடர்ந்து வந்தது. இன்னொருவர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர், பிற்பாடு பெரி மேசன் என்ற வக்கீலைப் படைத்தவர். இந்த இருவரையும் பின்னுக்குத் தள்ளி முதலிடத்துக்கு வந்தவர் கரோல் ஜான் டேலி.

டேலி பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள், பார்ப்போம்... பரவாயில்லை, அவைத் தலைவரும் தூக்கவில்லை. இன்று அவருக்காகத்தான் வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன்.

முதலில் பத்திரிகை பிறந்த கதை. மென்கன், நேத்தன் என்று இரண்டு மேதைகள் 'ஸ்மார்ட் செட்' என்ற இலக்கியப் பத்திரிகையை நடத்தினார்கள். பெயர் வந்தது, பணம் வரவில்லை. அந்த நஷ்டத்தைச் சரிக்கட்ட 1920-ல் 500 டாலர் போட்டு 'பிளாக் மாஸ்க்'கைத் தொடங்கினார்கள். மூத்தவனைப் படிக்கவைக்க இளையவனை வேலைக்கு அனுப்புவோமே, அந்த மாதிரி. எட்டு இதழ் வந்ததும் 12,500 டாலருக்கு அதை விற்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள். பெற்றவர்களுக்கே பிடிக்காத பிள்ளை!

அச்சிட்டது மரக்கூழ்த் தாளில். நம்மூரில் சாணித்தாள் என்போமே, அந்த ஜாதி. சில வருஷத்தில் பழுத்து, விரல் பட்டால் உதிரும். கூலியோ வார்த்தைக் கணக்கு. ஆரம்ப எழுத்தாளருக்கு வார்த்தைக்கு ஒரு சென்ட், பேர் எடுத்தவருக்கு மூன்று சென்ட் வரை. "உங்கள் கதாநாயகன் ஏன் எப்போதும் கடைசிக் குண்டில்தான் வில்லனைச் சாய்க்கிறான்?" என்று கார்ட்னரைக் கேட்டார்களாம். ஒவ்வொரு டுமீலுக்கும் மூன்று சென்ட் வரும்போது, துப்பாக்கியில் குண்டை மிச்சம் வைத்துச் சண்டையை முடிக்க நான் என்ன பைத்தியமா என்றாராம் அவர்.

துப்பறியும் கதைக்கென்றே பத்திரிகை என்பது அப்போது புதிதல்ல. 'ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித்' நிறுவனம் 1915-லேயே 'டிடெக்டிவ் ஸ்டோரி மேகசின்' கொண்டுவந்துவிட்டது. அதே 1915-ல்தான் சென்னையில் 'ஆனந்தபோதினி' பத்திரிகை தொடங்கியது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி அதில் எழுதிக் குவித்தார். அவரைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

டேலிக்கு வருகிறேன். அதுவரை துப்பறிகிறவர் பெரிய வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சுருட்டுச் சாம்பலை வைத்துக் கொலைகாரனைச் சொல்லிவிடுவார். 1923 ஜூன் முதல் தேதி இதழில் டேலி ரேஸ் வில்லியம்ஸை இறக்கினார். அவன் யோசிக்கிற ஆளில்லை, சுடுகிற ஆள். கூலிக்கு வேலை, போலீஸும் வேண்டாம், கொள்ளைக்காரனும் வேண்டாம். முதல் கதையிலேயே மோதியது கு க்ளக்ஸ் க்ளான் என்ற நிறவெறிக் கும்பலோடு! நாலு மாதம் கழித்து அக்டோபரில்தான் ஹாமெட்டின் பெயரில்லாத, குண்டான துப்பறிவாளன் வந்தான். பாதை போட்டவர் டேலி. அதில் காரோட்டிப் பேர் வாங்கியவர் ஹாமெட்.

அதற்காக டேலி நன்றாக எழுதினார் என்று நான் சொல்லமாட்டேன். படித்துப் பார்த்தேன். ரேஸ் வில்லியம்ஸ் பக்கத்துக்குப் பக்கம் தன் பெருமையே பேசுகிறான். ஹாமெட் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். ஆளைப் பின்தொடர்வது எவ்வளவு அலுப்பான வேலை என்று அவருக்குத் தெரியும்; எழுத்திலும் அது தெரியும். டேலியோ சினிமா கொட்டகை நடத்திவிட்டு நியூயார்க் பக்கத்தில் வீட்டோடு இருந்த மனிதர். கற்பனையிலேயே சுட்டார்.

1926-ல் ஜோசப் ஷா ஆசிரியரானார். ராணுவத்தில் கேப்டன், கத்திச் சண்டை வீரர். இந்த வகைப் பத்திரிகை அதுவரை அவருக்குப் பழக்கமில்லை. பணத் தகராறில் விலகிப் போயிருந்த ஹாமெட்டைத் தேடி அழைத்துவந்தவர் அவர்தான். 1933 டிசம்பரில் ரேமண்ட் சாண்ட்லரின் முதல் துப்பறியும் கதையைப் போட்டதும் அவர்தான். எண்ணெய் கம்பெனி வேலை போய், நாற்பத்தைந்து வயதில் கதை எழுத வந்தவர் சாண்ட்லர். கார்ட்னர் கதை ஒன்றைச் சுருக்கி, அதை வைத்துத் தானே முழுதாக எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டு எங்கே சறுக்கினோம் என்று பார்ப்பாராம், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. முதல் கதைக்கு ஐந்து மாத உழைப்பு. கிடைத்தது 180 டாலர்.

இவர்களெல்லாம் புத்தகத்தில் ஏறினார்கள், சினிமாவில் ஏறினார்கள். டேலி சாணித்தாளோடு தங்கிவிட்டார். பிறகு மிக்கி ஸ்பில்லேன் வந்தார், 'மைக் ஹாமர்' நாவல்கள் லட்சக்கணக்கில் விற்றன. ஒரு கதை சொல்வார்கள்: என் மைக் ஹாமருக்கு உங்கள் ரேஸ் வில்லியம்ஸ்தான் அப்பன் என்று ஸ்பில்லேன் டேலிக்கு மனமுவந்து கடிதம் எழுதினார். டேலியின் ஏஜெண்ட் அதைப் பார்த்தார். ஒப்புதல் வாக்குமூலமே கையில் இருக்கிறது, கேஸ் போட்டுவிடலாம் என்று குதித்தார். டேலி ஏஜெண்டை வேலையை விட்டு நீக்கினாராம். தனக்கு இப்படியொரு ரசிகர் கடிதம் வந்து எத்தனையோ வருஷமாயிற்று என்று.

1958-ல் டேலி காலமானார். இந்த நூலக அலமாரியில் ஹாமெட் இருக்கிறார், சாண்ட்லர் இருக்கிறார், பெரி மேசன் ஒரு தட்டே இருக்கிறார். டேலி இல்லை. கூட்டத்துக்கு வருமுன் நூலகர் ஐயாவிடம் சொன்னேன். பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.