அறிவுரையால் அணையாத சிகரெட்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



புகைபிடிப்பதன் தீமைகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதை சிகரெட் பெட்டியே படம் போட்டுச் சொல்கிறது. 2016 முதல் அட்டையின் 85 சதவீதம் எச்சரிக்கைதான். நம் பிள்ளைகளில் பலர் ஒன்று, இரண்டு என்று சில்லறையாக வாங்குவதால் அட்டையைப் பார்ப்பதே இல்லை என்பது வேறு விஷயம். குர்கானிலோ நொய்டாவிலோ வேலை பார்க்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளை புகைக்கிறான் என்று தெரிந்த பிறகு வீட்டிலுள்ளவர்கள் என்ன செய்யலாம் என்பதே என் பேச்சு. பெண்ணாக இருந்தாலும் இதேதான். சில மாமிகள் முகம் சுளிப்பது தெரிகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தெரிந்தவுடன் என்ன நடக்கிறது? அம்மா அழுவாள். அப்பா இரண்டு நாள் பேச மாட்டார். "நம்ம குலத்துல யாராவது இதைத் தொட்டதுண்டா?" என்று தாத்தா கேட்பார். அவருடைய தகப்பனாரே இடுப்பில் பொடி மட்டையைச் செருகிக்கொண்டு நடமாடியவராக இருந்திருப்பார்! பொடியும் புகையிலைதானே? மூன்றாம் நாள் பையன் "விட்டுட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையில் பெப்பர்மின்ட் வைத்துக்கொள்ள ஆரம்பிப்பான். பழக்கம் போகவில்லை. நம்மிடம் உண்மை சொல்வது மட்டும் போயிற்று.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் சற்று விளக்குகிறேன். இழுத்த புகையிலுள்ள நிகோடின் பத்து, இருபது விநாடிகளில் மூளையை எட்டுகிறது. டோபமைன் சுரக்கிறது, ஓர் இதம் உண்டாகிறது. ரத்தத்தில் நிகோடினின் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால் மறுபடி கை தேடுகிறது. இது ரசாயனம். இதைவிடப் பிடிவாதமானது பழக்கத்தின் முடிச்சு. பாவ்லோவின் நாய் மணியோசை கேட்டு எச்சில் ஊறியதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். நாலு மணிக்கு ஆபீஸ் நண்பன் "சாய்-சுட்டா?" என்று கூப்பிடுவதுதான் நம் பையனுக்கு அந்த மணி. மேலதிகாரியின் ஏச்சு ஒரு மணி, ராத்திரி சாப்பாடு முடிந்த நேரம் ஒரு மணி. நாம் சொல்லும் கேன்சரோ முப்பது வருஷம் தள்ளி நிற்கிறது.

ஆகவே முதல் வேலை, மணிகளைக் கண்டுபிடிப்பது. ஒரு வாரம், நிறுத்தச் சொல்லாமல், ஒவ்வொரு சிகரெட்டையும் எழுதச் சொல்லுங்கள்: எப்போது, எங்கே, யாருடன், என்ன மனநிலையில். சித்ரகுப்தன் கணக்குப் போல. எழுத ஆரம்பித்தாலே சிலருக்கு எண்ணிக்கை குறைகிறது. பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஒரு மாற்று. "இனிமேல் பிடிக்க மாட்டேன்" என்பது வெறும் சங்கல்பம். "நாலு மணிக்குக் கூப்பிட்டால், என் இடத்திலேயே டீ வரவழைத்துக் குடிப்பேன்" என்பது திட்டம். 'இப்படி நேர்ந்தால் இப்படிச் செய்வேன்' என்று முன்கூட்டியே தீர்மானிப்பதன் பலத்தை கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்த வேகம் வந்தால் பொதுவாகச் சில நிமிஷங்களில் தணிந்துவிடும். அதுவரை தண்ணீர், ஆழ்ந்த மூச்சு, சிறு நடை. உபநயனத்தில் சொல்லிக் கொடுத்த பிராணாயாமத்தை இதற்காகவாவது நினைவுபடுத்திக் கொள்ளட்டும்.

நிறுத்தும் நாளை அவனே குறிக்க வேண்டும். பஞ்சாங்கம் பார்ப்பதில் ஆட்சேபணை இல்லை, ஆனால் பதினைந்து நாளைத் தாண்ட வேண்டாம். "தை பிறக்கட்டும்" என்றால் சித்திரையும் வந்துவிடும். முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் கடுமை. எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் இரண்டு முதல் நான்கு வாரம் நீடிக்கலாம். தயவுசெய்து அந்த நாட்களில் ஜாதகப் பேச்சை எடுக்காதீர்கள்! அதிகமாகப் பிடிப்பவர்கள் டாக்டரைக் கேட்டு நிகோடின் சூயிங்கம் பயன்படுத்தலாம். மின் சிகரெட் வேண்டாம், 2019-லேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது.

காசும் உதவும். பிலிப்பைன்ஸில் புகைப்பவர்கள் தங்கள் பணத்தை ஒரு கணக்கில் போட்டுவைத்தார்கள். ஆறு மாதம் கழித்து சிறுநீர்ப் பரிசோதனை. தேறாவிட்டால் பணம் தர்மத்துக்குப் போய்விடும்! 2010-ல் வெளியான அந்த ஆய்வில், இத்திட்டம் அளிக்கப்பட்டவர்களில் கூடுதலானோர் விட்டிருந்தார்கள், ஒரு வருஷம் கழித்துத் திடீரென்று சோதித்தபோதும்கூட.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது பேசும் விதத்தை. குடிப்பழக்கம் உள்ளவர்களோடு பழகிய அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதியதன் சாரம் இது: வாதம் செய்யாதே, கேள். எங்கள் காலனியில் ஒரு தாயார் மகனிடம், "இதுல உனக்கு என்னடா பிடிச்சிருக்கு? என்ன பிடிக்கலை?" என்று மட்டும் கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் கழித்து, "மாடி ஏறினா மூச்சு வாங்கறதும்மா, ஞாயித்துக்கிழமை கிரிக்கெட்ல ஓட முடியலை" என்றான். அவள் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அவள் நெஞ்சடைப்பு, புற்றுநோய் என்றெல்லாம் அடுக்கியிருந்தால், அவனும் பதிலுக்குப் பத்து சமாதானம் சொல்லியிருப்பான். ஒரு மாதத்தில் நிறுத்தினான். நண்பன் கல்யாணத்தில் சறுக்கினான். மறுநாள் அவனே போன் செய்து, "ரெண்டு பிடிச்சுட்டேம்மா" என்றான். "சரி, எந்த நேரத்துல தோணித்து?" என்றாள் அவள். மறுபடி நிறுத்தியிருக்கிறான்.

இந்த வயதில் விடுவதில் பெரிய லாபம் உண்டு. பிரிட்டிஷ் டாக்டர்களை ஐம்பது வருஷம் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால் குழுவினர் 2004-ல் சொன்னது: புகைத்துக்கொண்டே இருப்பவர்கள் சராசரியாகப் பத்து வருஷ ஆயுளை இழக்கிறார்கள். முப்பதில் நிறுத்தியவர்கள் ஏறக்குறைய அதை முழுதும் மீட்டார்கள். அறுபதில் நிறுத்தியவர்களுக்கும் மூன்று வருஷம் கிடைத்தது. பின்வரிசை நண்பர்கள் கவனிக்கவும்!

நம் தில்லியிலேயே வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் 2016-ல் இதற்கென இலவசத் தொலைபேசி ஆலோசனை தொடங்கப்பட்டது. எண் 1800-11-2356. பிற்பாடு பெங்களூர் நிம்ஹான்ஸ் மூலம் தமிழிலும் பேச வசதி வந்தது. கூப்பிட வேண்டியவன் பையன். எண்ணை அவனுக்கு அனுப்பிவிட்டு, "கூப்பிட்டியா, கூப்பிட்டியா" என்று தினமும் கேட்காமலிருப்பது நம் வேலை.

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.