வழியில் நின்ற வண்டி



திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் நெடுவழியில், மானூர், தேவர்குளம், வன்னிக்கோனேந்தல் ஆகிய ஊர்களைக் கடந்தபின் வருவது பனவடலிசத்திரம். வடலி என்பது இளம்பனைக்குப் பெயர். சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். ஆக, இளம்பனைகளுக்கு நடுவே வழிப்போக்கருக்கு நிழல் தந்த இடம் என்ற பொருள் அவ்வூரின் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டில் தென்காசி மாவட்டம் உருவானபோது இப்பகுதி அதனுள் சேர்ந்தது. மாவட்டம் மாறினாலும் பெயர் மாறவில்லை. பெயர் உணர்த்தும் கடமையும் மாறவில்லை.

நம் முன்னோர் வழிப்போக்கரைக் காப்பதை அறம் என்று எண்ணினர். சாலையோரத்தில் மரம் நட்டனர். கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தனர். தலைச்சுமையோடு வருகிறவன் பிறர் உதவியின்றி இறக்கிவைத்துப் பின் ஏற்றிக்கொள்ளத் தோள் உயரத்திற்குச் சுமைதாங்கிக் கல் நாட்டினர். ராணி மங்கம்மாளின் பெயரைத் தாங்கிய சாலைகள் இன்றும் தென்பாண்டி நாட்டில் உள்ளன. அக்காலத்து வழிப்போக்கனுக்கு நேரக்கூடிய இடர் களைப்பும் தாகமும். இக்காலத்து வழிப்போக்கனுக்கோ நடுவழியில் சக்கரம் காற்றிழந்து போதல், பொறி நின்றுபோதல் போன்றவை நேர்கின்றன. அவ்வேளையில் செய்ய வேண்டியது யாது, செய்யலாகாதது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

‘எங்களிடம் காரும் இல்லை, ஓட்டும் உரிமமும் இல்லை, எங்களுக்கு எதற்கு இந்தப் பாடம்?’ என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். திருமணத்திற்கும் கோவிலுக்கும் வாடகை வண்டியில் செல்லாத குடும்பம் இன்று அரிது. வண்டி நின்றதும் எல்லாரும் இறங்கிச் சாலையில் நிற்பதும், கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிக் கூடுவதும் நாம் அன்றாடம் காணும் காட்சி. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் இளைஞர்களே இருக்கிறார்கள். ஆகையால் இது உங்களுக்குரிய பாடமே.

முதலில் சிறிது வரலாறு. காற்றடைத்த டயரை வழக்கத்திற்குக் கொண்டுவந்தவர் ஜான் பாய்டு டன்லப் என்பவர். அயர்லாந்துத் தீவில் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் அவர். தம் சிறு மகனின் மூன்றுசக்கர வண்டி கல் பாவிய தெருவில் குலுங்காமல் ஓட வேண்டும் என்று ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துப் பொருத்தினார்; 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். காற்று வந்தது, கூடவே ஆணிக்கு அஞ்சும் காலமும் வந்தது. அந்நாளைய கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. 1904-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டு லனெத்லி என்னும் ஊரில், ஸ்டெப்னி என்ற பெயருடைய தெருவில் தொழில் செய்துவந்த டேவிஸ் சகோதரர்கள், காற்று நிரப்பிய டயரோடு கூடிய உதிரி வளையம் ஒன்றைச் செய்து விற்றனர். அத்தெருவின் பெயரே நம் ஊர்ப் பஞ்சர்க் கடையில் இன்றும் ‘ஸ்டெப்னி’ என்று வழங்குகிறது. ஒரு தெருவின் பெயர் கடல் கடந்து வந்து நம் நாட்டுச் சொல்லாகிவிட்ட விந்தையைப் பாருங்கள்!

இனிப் பொருளுக்கு வருவோம். ஓடும் வண்டியில் டயர் வெடித்தால் ஓட்டுநர் செய்யும் முதற்காரியம் பிரேக்கை ஓங்கி மிதிப்பது. அதுவே பெருந்தீங்கு. வெடித்த சக்கரம் வண்டியை ஒரு பக்கமாக இழுக்கும். அவ்வேளையில் பிரேக்கை அழுத்தினால் அந்த இழுப்பு மிகுந்து வண்டி சுழன்றுவிடவும் கூடும். ஸ்டியரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பற்றி, நேர்வழியில் நிறுத்தி, வேகம் தானே தணியவிட்டு, பிறகு மெல்ல இடப்புறம் ஒதுங்க வேண்டும். அருகில் அமர்ந்திருப்போர் கூச்சலிடாமல் இருப்பதே அப்போது செய்யக்கூடிய பேருதவி. பதறாத காரியம் சிதறாது என்பது நம்மவர் பழமொழி.

எங்கே நிறுத்துவது? வளைவிலும், பாலத்தின் மேலும், மேட்டின் மறுசரிவிலும் நிறுத்தலாகாது. காற்றிழந்த டயரோடு நூறடி மெதுவாக ஊர்ந்தால் டயர் கெடலாம். ஆனால் வளைவில் நின்றால் உயிர் கெடலாம். இரண்டில் எது பெரிது என்று சொல்ல வேண்டுவதில்லை. சங்கரன்கோவில் வட்டாரம் கரிசல் நிலம். மழைக்குப்பின் சாலையோரத்து மண்ணில் சக்கரம் புதைந்துவிடும். ஆகவே தார்ச்சாலையை விட்டு விலகியதாகவும், தரை கெட்டியானதாகவும் உள்ள இடத்தைத் தேட வேண்டும்.

வண்டி நின்றதும் நான்கு விளக்குகளும் விட்டுவிட்டு எரியும் அபாய விளக்கைப் போட வேண்டும். பிறகு பயணிகள் சாலைப் பக்கமாக அன்றி இடப்பக்கக் கதவு வழியே இறங்கி, சாலையை விட்டு நன்றாக விலகி நிற்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் ஒருவரும் நிற்கலாகாது. ஏனெனில், பின்னால் நிற்பவர் வண்டியின் சிவப்பு விளக்கைத் தம் உடலால் மறைத்துவிடுகிறார். வண்டி அங்கிருப்பதை உணர்த்தும் ஒரே அடையாளத்தை அவரே அழித்துவிடுகிறார்.

இதை நான் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. என்னிடம் பத்தாம் வகுப்பில் பயின்ற ஒரு மாணவன். வகுப்பில் யாருக்கு எழுதுகோல் இல்லையென்றாலும் தன்னுடையதைக் கொடுத்துவிடும் இயல்பினன். பல ஆண்டுகளுக்குப்பின் ஓரிரவு, வழியில் நின்ற ஒரு காரின் சக்கரத்தை மாற்ற யாரோ திணறுவதைக் கண்டு, தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி விளக்குப் பிடிக்கச் சென்றான். காரின் பின்புறம் நின்று விளக்கைச் சக்கரத்தின் பக்கமாகக் காட்டிக்கொண்டிருந்தான். வந்த லாரிக்கு அந்த ஒளியும் தெரியவில்லை. காரின் விளக்கும் தெரியவில்லை. உதவச் சென்றவன் திரும்பவில்லை. அவன் உள்ளத்தில் குறையொன்றும் இல்லை. எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் அவனுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அத்தொகையை ஒரே எண்ணாக எண்ணாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் அணைந்த விளக்கு.

அடுத்தது எச்சரிக்கை முக்கோணம். ஒளியை எதிரொளிக்கும் இச்சிவப்பு முக்கோணம் இக்காலத்துப் புதுக் கார்களுடனேயே தரப்படுகிறது. பலர் அதன் உறையைக்கூடப் பிரிப்பதில்லை. பிரித்தவரும் வண்டியின் காலடியிலேயே வைத்துவிடுகின்றனர். எவ்வளவு தொலைவில் வைக்க வேண்டும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. தடையைக் கண்டு காலைப் பிரேக்கில் வைக்க ஒன்றரை நொடி ஆகுமென்றால், அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்தபின், நல்ல உலர்ந்த சாலையிலும் இன்னும் 23 மீட்டர் அளவு ஓடியே நிற்கும். மொத்தம் 48 மீட்டர். வேகம் 80 ஆனால்? முன்னது 33, பின்னது 41. மொத்தம் 74 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்கே கூடியது. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காயிற்று. வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப அத்தூரம் வளரும் என்று நீங்கள் இயற்பியலில் படிப்பது இதைத்தான். பாரம் ஏற்றிய லாரிக்கும் மழை நனைத்த சாலைக்கும் இதைவிட மிகுதியான தூரம் வேண்டும்.

ஆகவே முக்கோணத்தைச் சிறு சாலையில் 50 மீட்டருக்குக் குறையாமலும், வேகமாக வண்டிகள் செல்லும் நெடுஞ்சாலையில் 100 மீட்டர் அளவிலும் பின்னால் வைக்க வேண்டும். நடுத்தரமான ஒரு காலடி முக்கால் மீட்டர். 100 மீட்டருக்கு ஏறத்தாழ 130 அடி வைத்தால் போதும். வளைவுக்கு அப்பால் நின்றுவிட்டால் வளைவு தொடங்குமுன்னரே வைக்க வேண்டும். எடுத்துச் செல்பவர் சாலைக்கு வெளியே நடந்து, முக்கோணத்தை வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு செல்வது நன்று.

முக்கோணம் இல்லாதவர் மரக்கிளைகளையும் பெருங்கற்களையும் சாலையில் வைப்பது வழக்கமாகிவிட்டது. கிளை வைத்தாலும் வைக்கலாம், கல் வைக்கலாகாது. வண்டி புறப்பட்டுப் போனபின் அந்தக் கல் அங்கேயே கிடக்கிறது. இரவில் வரும் மிதிவண்டிக்காரனுக்கு அதுவே எமனாகிறது. தன் இடரை நீக்கிக்கொண்டு அதைப் பின்னால் வருபவன் தலையில் வைத்துவிட்டுப் போவது எந்த அறத்திலும் சேராது.

இனிச் சக்கரம் மாற்றும் முறை. தரை சமமாக இருக்க வேண்டும். கை பிரேக்கை இழுத்து, முதல் கியரில் விட்டு, கழற்றப்போகும் சக்கரத்திற்கு மூலைவாட்டில் எதிரேயுள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கல் கொடுக்க வேண்டும். கரிசல் மண்ணில் ஜாக்கி புதையும். அடியில் ஒரு பலகை வைத்துக்கொள்ள வேண்டும். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்திவிட வேண்டும். ஏனெனில், உயர்த்தியபின் தளர்த்த முயன்றால் சக்கரம் சுழலும். பலங்கொண்டு இழுத்தால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியவும் கூடும். ஸ்பானரின் கைப்பிடி நீளமாக இருந்தால் சிறுவனும் தளர்த்தலாம். ஆர்க்கிமிடீஸ் சொன்ன நெம்புகோல் தத்துவம் அதில் அடங்கியிருக்கிறது.

ஜாக்கி வண்டியைத் தூக்கும் கருவியே அன்றித் தாங்கும் தூண் அன்று. ஆகையால் எந்தக் காரணத்திற்காகவும் வண்டிக்கு அடியில் தலையோ கையோ செல்லலாகாது. ஸ்டெப்னியை எடுத்ததும் வண்டியின் அடிப்பக்கத்தில் கிடத்தி வைத்தால், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன்மேல் தங்கும். நட்டுகளை வரிசையாக முறுக்காமல், ஒன்றுக்கு எதிரே உள்ளது என்ற முறையில் மாற்றி மாற்றி முறுக்கினால் சக்கரம் கோணாமல் பொருந்தும். வண்டியை இறக்கியபின் மறுமுறை இறுக்க வேண்டும்; ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். சில கார்களின் ஸ்டெப்னி சிறியதாய் இருக்கும். அதற்குரிய வேக வரம்பு அதன்மேலேயே எழுதப்பட்டிருக்கும். அதை மீறலாகாது. சாலையை ஒட்டிய வலப்பக்கச் சக்கரமாக இருந்து, ஒதுங்க இடமும் இல்லையென்றால், மாற்ற முயலாமல் உதவிக்குச் சொல்லி அனுப்புவதே அறிவுடைமை.

வண்டியை வேறொரு வண்டி கட்டி இழுப்பதற்கும் விதிகள் உண்டு. இரண்டுக்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் இருக்கலாகாது. கயிறோ சங்கிலியோ பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினால் போதும். இழுக்கப்படும் வண்டியில் உரிமம் பெற்ற ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். அதன் பின்புறத்தில் இழுக்கப்படுகிறது என்ற அறிவிப்பும் வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாமல் செல்வது நல்லது. பொறி ஓடாத வண்டியில் பிரேக்குக்கு வழக்கமாகக் கிடைக்கும் துணைவலிமை ஓரிரு மிதிப்பில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். தானியங்கி கியர் வண்டிகளையும் மின்சாரக் கார்களையும் பெரும்பாலும் இவ்வாறு இழுக்கலாகாது. தட்டையான மேடையுள்ள வண்டியில் ஏற்றியே கொண்டுசெல்ல வேண்டும்.

கோடையில் பொறி கொதித்து ஆவி எழுந்தால் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். மூடிய கலத்தில் அழுத்தம் மிகும்போது நீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்து அழுத்தம் நீங்கிய அக்கணமே அது ஆவியாகிப் பொங்கி முகத்தில் அடிக்கும். அரைமணி நேரம் பொறுத்திருப்பது நட்டமன்று.

எவரேனும் அடிபட்டால் 108 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். எந்த அவசரத்திற்கும் 112. தேசிய நெடுஞ்சாலையில் 1033. ‘உதவினால் வழக்கில் சிக்குவோமே’ என்ற அச்சம் இனி வேண்டா. உச்ச நீதிமன்றம் 2016-இல் உதவுவோருக்குப் பாதுகாப்பு நெறிகளை உறுதி செய்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு அப்பாதுகாப்பைச் சட்டமாக்கியது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க வகை செய்தது.

மாணவர்களே, செய்து கற்பதே நிலைக்கும் என்று எங்களுக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கற்பித்தார்கள். உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஒரு வண்டி இருந்தால், விடுமுறை நாளொன்றில் பகல் வெளிச்சத்தில், பெரியவர் ஒருவர் மேற்பார்வையில் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். முக்கோணத்தின் உறையைப் பிரித்து அதை நிறுத்திப் பழகுங்கள். 130 அடி நடந்து 100 மீட்டர் எவ்வளவு என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பை வீட்டில் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலை நோக்கி இரவெல்லாம் வண்டிகள் செல்லும். அவற்றுள் ஒன்று வழியில் நிற்கக்கூடும். அதில் நீங்கள் இருந்தாலும், அதைக் கடந்து செல்பவராய் இருந்தாலும், முதலில் நில்லாத இடத்தில் நில்லாதீர்கள், பின்வருவோருக்கு அறிவியுங்கள், அதன்பின் உதவுங்கள். இந்த வரிசை மாறலாகாது. சுமைதாங்கி நட்டவர்களின் வழிவந்தவர்கள் நாம். நம்மால் ஒரு முக்கோணம் நட முடியாதா?