முதலில் வாஷ்பேசினைப் பாருங்கள்



வெளியூரில் இரண்டு நாள் தங்க வேண்டி வந்தால், நடுத்தர வாடகையில் நம்பி இறங்கக்கூடிய ஓட்டலை எப்படிப் பிடிப்பது? இதைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். பீங்கான் சூளை வைத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது என்றேன். "மாசம் பொறந்தா சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போறது நீங்கதானே சார்" என்று பதில் வந்தது. வாஸ்தவம்தான். எனக்கு வீடு கருவேப்பிலங்குறிச்சி. பிழைப்பு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில். ஃபியூஸ் கேரியர், அகல் விளக்கு, கொலு பொம்மை எல்லாம் செய்கிறோம். செய்துவிடலாம், விற்க வேண்டுமே! சென்னை, கோவை, பெங்களூரு என்று அலைந்தால்தான் ஆர்டர்.

நடுத்தரம் என்றால் எவ்வளவு என்று இப்போதே கேட்பீர்கள். என் கணக்கில் ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து ஐயாயிரம் வரை. முகூர்த்த நாள், கண்காட்சி நாள் என்றால் இதே அறை ஏறிக்கொள்ளும். இந்த விலையில் ஜிஞ்சர், ஐபிஸ், லெமன் ட்ரீ மாதிரி பல ஊர்களில் ஒரே பெயரில் நடக்கும் செயின் ஓட்டல்கள் இருக்கின்றன. டாடா குழுமம் 2004-இல் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் 'இண்டிஒன்' என்ற பெயரில் ஒன்றைத் திறந்தது. அதுதான் பிறகு ஜிஞ்சர் ஆனது. நமக்கு அதற்கும் முன்பே பழக்கமானது அரசாங்கத்தின் 'ஹோட்டல் தமிழ்நாடு'. அதை நடத்தும் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-இல் தொடங்கப்பட்டது. கோயில் ஊர், மலை ஊர் என்று எங்கே போனாலும் அந்தப் பலகையைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தச் செயின் யோசனை பெரிதாகப் பரவியது அமெரிக்காவில். மெம்பிஸ் நகரத்தில் வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்த கெம்மன்ஸ் வில்சன் 1951-இல் மனைவி, ஐந்து பிள்ளைகளோடு காரில் வாஷிங்டன் போனார். வழியில் தங்கிய இடங்களில் அறை ஒரு தினுசு, வாடகை ஒரு தினுசு. பிள்ளைக்கு இரண்டு டாலர் வீதம் கூடுதலாக வேறு கேட்டிருக்கிறார்கள். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த வருஷமே சொந்த ஊரில் முதல் ஹாலிடே இன்னைத் திறந்தார். பிள்ளைகளுக்குக் காசு கிடையாது, எந்த ஊரில் இறங்கினாலும் அறை ஒரே மாதிரி. செயின் ஓட்டல் நமக்கு விற்பது இந்த நிச்சயத்தைத்தான். இரவு பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தாலும் கட்டில் எப்படி இருக்கும், துண்டு எத்தனை வைத்திருப்பார்கள் என்று தெரிந்தே போகலாம்.

ஆனால் பலகையை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஒரே பெயர் இருந்தாலும் ஒரு கட்டடம் கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கும், இன்னொன்று குத்தகையாக இருக்கும். வேறொன்றில் கட்டடம் ஒருவருடையது, பெயர் மட்டும் வாங்கி மாட்டியிருப்பார். எங்கள் சூளையில் ஒரே அச்சில், ஒரே மண்ணில் வார்த்த கிண்ணம்கூட தீ நன்றாகப் படும் இடத்தில் இருந்தது ஒரு மாதிரியும், மூலையில் இருந்தது ஒரு மாதிரியும் வெந்து வரும். அதனால் கம்பெனியைப் பார்த்த கையோடு அந்தக் கிளையையும் பாருங்கள். எப்படிப் பார்ப்பது?

இங்கேதான் என் தொழில் குறுக்கே வருகிறது. மன்னிக்க வேண்டும், நான் நேராகக் குளியலறைக்குப் போய்விடுவேன். வரவேற்பறையில் பூ ஜாடி வைப்பது சுலபம். குளியலறையைப் பராமரிப்பதில்தான் நிர்வாகத்தின் யோக்கியதை தெரியும்.

அறைக்குள் போனதும் விளக்கைப் போட்டு வாஷ்பேசின் பக்கம் போங்கள். குழாய்க்கு நேர் கீழே பாருங்கள். பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, குழாயும் வெகு நாளாகச் சொட்டுகிறது. வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தால் உப்புத் தண்ணீர். தண்ணீர் எப்படியோ போகட்டும், சொட்டுகிற குழாய்க்கு ஒரு வாஷர் மாற்ற ஆளில்லாத இடத்தில் நடு ராத்திரி ஏசி நின்றால் யார் வருவார்கள்?

அடுத்து, பேசின் மேல் ஈர விரலை ஓட்டுங்கள். முடி மாதிரி மெல்லிய கீறல்கள் வலைபோல் ஓடியிருந்தால் மேல் பூச்சு வெடித்திருக்கிறது. அந்தப் பூச்சைத்தான் கிளேஸ் என்போம் நாங்கள். உடனே பயப்பட வேண்டாம். 1,200 டிகிரிக்கு மேல் நன்றாக வெந்த பீங்கான் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது, பூச்சு வெடித்தாலும் உள்ளே அழுக்கு இறங்காது. அரைவேக்காட்டுச் சரக்காக இருந்தால் கீறல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாற்றம் அடிக்கும். அந்த அறையே வேண்டாம், மாற்றிக் கேளுங்கள். போகிற போக்கில் பேசினின் மூலையில் இருக்கும் பெயரையும் படியுங்கள். நான் விடாமல் படிப்பேன். ராணிப்பேட்டை பாரிவேரைப் பார்த்தால் சரி என்று நகர்வேன். பழைய ஓட்டலில் எப்போதாவது நெய்சர் என்று இருந்தால், நம்ம வடலூர்ச் சரக்கு என்று ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

கோவையில் ஒரு செயின் ஓட்டலுக்கு அகல் விளக்கு கொடுக்கப் போயிருந்தபோது அங்கே அறைகளைக் கவனிக்கும் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். வண்டியில் நாலு நிறத் துணி வைத்திருந்தார். சிவப்பு கக்கூசுக்கு, மஞ்சள் பேசினுக்கு, நீலம் கண்ணாடிக்கு, பச்சை மேசைக்கு. "ஒண்ணை எடுத்து இன்னொண்ணைத் தொடைச்சா எங்க மேடம் உரிச்சிருவாங்க" என்றார். அந்த மேடம் இருக்கிற வரைக்கும் அந்த ஓட்டலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போவேன். இன்னொரு நகரத்தில், பெயர் வேண்டாம், ஆசிட் ஊற்றித் தேய்த்தே பளபளப்பாக வைத்திருந்தார்கள். டைல்ஸ் இடுக்கிலிருந்த சிமெண்டு அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது, குழாயின் முலாம் உரிந்திருந்தது. மூக்கைத் துளைத்த நெடியைச் சுத்தம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நெடி என்றதும் ஒரு விஷயம். அறைக்குள் நுழைந்ததும் சாக்கடை வாடை வந்தால் சுத்தம் செய்யவில்லை என்று உடனே சண்டைக்குப் போகாதீர்கள். தரையில் இருக்கும் ஜல்லடைக்குக் கீழே ஒரு வளைவில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். வாட்டர் சீல் என்பார்கள் பிளம்பர்கள். அந்தத் தண்ணீர்தான் கீழிருந்து வாடை மேலே வராமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆள் தங்காத அறையில் அது சில வாரங்களில் காய்ந்துபோகும். ஒரு பக்கெட் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். வாடை நின்றுவிட்டால் அறை சும்மா கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். நிற்கவில்லை என்றால் குழாய் வேலையே தப்பு, அதை உங்களால் இரண்டு நாளில் திருத்த முடியாது.

இவ்வளவையும் பணம் கட்டின பிறகா பார்ப்பது என்று கேட்கிற நேயரை எனக்குத் தெரிகிறது. சரியான கேள்வி. ஓட்டல்காரர் போடும் படத்தை விடுங்கள், தங்கினவர்கள் கைபேசியில் எடுத்துப் போட்ட படங்களைப் பாருங்கள். கருத்துகளில் கடைசி மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள். நட்சத்திர எண்ணிக்கை வேண்டாம், 'பாத்ரூம்', 'வாடை', 'சுடுதண்ணி' என்ற சொற்களைத் தேடுங்கள். ஒரே குறையை மூன்று பேர் வேறு வேறு தேதியில் சொல்லியிருந்தால் நம்பலாம். பிறகு ஓட்டலுக்கே போன் போட்டு, குளியலறைகளைக் கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் எடுத்தால் நல்ல சகுனம்.

எனக்குக் கொடுத்த நேரத்தில் பெரும்பகுதி குளியலறையிலேயே போய்விட்டது. மற்றதை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். இடம் முக்கியம். விருத்தாசலத்திலிருந்து சென்னைக்குப் பல்லவன் ரயிலில் போனால் எழும்பூரில் இறங்கலாம். வேலை வடபழனியில் என்றால் அங்கிருந்து மெட்ரோவில் ரயில் மாறாமல் போகலாம். பஸ்ஸில் போனால் இப்போது கிளாம்பாக்கம், பழைய கோயம்பேட்டு நினைப்பில் அந்தப் பக்கம் அறை போட்டுவிட்டு ஆட்டோவுக்கு அழாதீர்கள். வாடகை ஐந்நூறு ரூபாய் குறைகிறது என்று வேலை இருக்கும் இடத்துக்கு வெகு தூரத்தில் தங்கினால் அந்த ஐந்நூறு சாலையில் போய்விடும்.

எழும்பூர் கென்னத் சந்து லாட்ஜுகளில் பழகினவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். லாட்ஜில் பெரும்பாலும் இருபத்து நாலு மணி நேரக் கணக்கு. செயின் ஓட்டலில் மதியம் இரண்டு மணி வாக்கில் அறை தருவார்கள், மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு வாங்கிவிடுவார்கள். விடியற்காலை போய் இறங்குகிறவர்கள் இதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பில்லைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் இப்படி. அதற்கு முன்னால் 12 சதவீதம். சாப்பாட்டுப் பில்லில் சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இலேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை ஏற்றுக்கொண்டது. மரியாதையாகச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு எண் மறைத்த நகலை ஆதார் தளத்திலேயே இறக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அறையில் குறை இருந்தால் பெட்டியைத் திறந்து துணியை எடுத்து வைப்பதற்கு முன்னாலேயே கீழே போன் பண்ணுங்கள். அந்த நேரத்தில் கேட்டால் மாற்றிக் கொடுக்க அவர்களுக்கும் சங்கடம் இல்லை. அடுத்த பயணத்தில் உங்களுக்கு நல்ல அறை கிடைக்கட்டும். குளியலறை நன்றாக இருந்தால் கிளம்பும்போது அதைச் சுத்தம் செய்தவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.