தலைப்பிரட்டையின் வால்



மழைக்குப் பின் வடுகபட்டி வயல்களில் தேங்கும் நீரில் தலைப்பிரட்டைகள் நீந்தித் திரிவதைக் காணலாம். அவை தவளைகளாகும்போது வால் மறைந்துவிடுகிறது. அந்த வால் அறுந்து விழுவதில்லை; உடலுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. அதனைக் கரைப்பது எது?

தோலுக்கும் எலும்புக்கும் தசைநாருக்கும் உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகளை முறுக்கித் திரித்த கயிறு போன்றது அதன் வடிவம். இதனைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆராய்ந்து 1954, 1955ஆம் ஆண்டுகளில் உலகுக்கு அறிவித்தனர். முறுக்கு இறுகியிருப்பதால், உணவைச் செரிக்கும் நொதிகள் இக்கயிற்றை எளிதில் அறுக்க மாட்டா. அதனை அறுக்கவல்ல நொதியை, 1962இல் அமெரிக்காவில் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியர் என்னும் அறிஞர்கள் தலைப்பிரட்டையின் வாலிலேயே கண்டனர்.

அந்நொதியின் குடும்பத்தைச் சேர்ந்தவை மனித உடலில் 23 உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு துத்தநாக அணு அமர்ந்து வெட்டும் தொழிலுக்குத் துணை நிற்கிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றை உயிரணுக்கள் வெளியே சுரக்கின்றன. சுரக்கும்போது பல நொதிகள் உறையிலிட்ட வாள் போலச் செயலற்றிருக்கும். உரிய இடத்தில் உறை நீங்கிய பின்னரே வெட்டத் தொடங்கும். அளவு மீறாமல் அவற்றை அடக்குவதற்கு நால்வகைத் தடுப்புப் புரதங்களும் நம் உடலில் உண்டு.

புண் ஆறும்போது சிதைந்த இழைகளை அகற்றுவதும், குழந்தையின் எலும்பு வளர இடம் செய்வதும், புதிய இரத்தக் குழாய்களுக்கு வழி திறப்பதும் இந்நொதிகளின் பணிகளாம். ஆயின் கட்டு மீறினால் அவையே கேடு செய்யும். மூட்டுகளின் குருத்தெலும்பு அரிக்கப்படும். புற்றணுக்கள் திசுச் சுவரைக் கடந்து பரவ வழி கிடைக்கும்.

எனவே 1990களில், இந்நொதிகள் பலவற்றை ஒருங்கே அடக்கும் மருந்துகளைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். எதிர்பார்த்த பயன் விளையவில்லை. நோயாளிகள் பலருக்கு மூட்டுவலியே மிஞ்சிற்று. தீய வேலை செய்த நொதிகளோடு உடலைப் பேணும் நொதிகளும் முடங்கின. இக்குடும்பத்தில் சில, புற்றுநோயை எதிர்த்து நிற்பவை என்பதும் பின்னர்த் தெரிய வந்தது.

வளர்ச்சி என்பது கட்டுவது மட்டுமன்று. அளவறிந்து வெட்டுவதும் வளர்ச்சியே. எந்த நொதி, எந்தத் திசுவில், எப்பொழுது வெட்டுகிறது என்று பிரித்தறிந்து, கேடு செய்வதை மட்டும் தடுக்கும் மருந்தைப் புற்றுநோய்க்குக் காணும் பணி இன்னும் நிறைவேறவில்லை. வேதியியலும் உயிரியலும் பயிலும் உங்களுக்காக அப்பணி காத்திருக்கிறது.