வயிறு நிறைந்த பின்னும்



நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துவந்த ஆந்தனி ஸ்கிளாஃபானி என்பவர், வழக்கமான தீவனத்தை அளவறிந்து தின்றுவந்த எலிகளின் முன்னால் சாக்லேட், பாலாடைக்கட்டி, வாழைப்பழம், சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்த பால் முதலிய கடைப் பதார்த்தங்களைத் தாராளமாக வைத்துப் பார்த்தபோது, அவை ஓயாமல் தின்று வெகு சீக்கிரத்தில் பருத்துப்போயின என்று 1976இல் எழுதினார். பஞ்சத்துக்கு அஞ்சிப் பழகிய உடம்பு, கிடைத்த காலத்தில் சேமித்துக்கொள்கிறது என்று சமாதானம் சொல்வதுண்டு; ஓரளவுக்கு அது நியாயமே. ஆனால் திருப்தியடைந்த பிறகும் கை ஏன் நீள்கிறது என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடுவதில்லை.

மிச்சிகன் சர்வகலாசாலையின் கென்ட் பெரிட்ஜும் அவருடைய சகாக்களும் இதற்கு விசித்திரமானதொரு விடை கண்டார்கள். டோபமைன் என்னும் இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புகளை இழந்த எலிகள், உணவு கண்ணெதிரே இருந்தும் தொடாமல் பட்டினி கிடந்தன. ஆயினும் சர்க்கரை நீரை வாயில் விட்டதும், கைக்குழந்தை செய்வதைப் போலவே நாவை நீட்டி நக்கிச் சுவைத்தன. இதற்கு நேர்மாறாக, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது எலிகள் மேலும் மேலும் தின்றனவே தவிர, இன்பம் மிகுந்ததற்கான குறி அவற்றின் முகத்தில் தோன்றவில்லை. ஆசையும் இன்பமும் மூளையில் ஒரே இடத்துச் சரக்கு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

அந்த ஆசைதானும் பண்டத்தைக் காட்டிலும் பண்டத்தின் அறிகுறிக்கே விழித்துக்கொள்கிறது. வோல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளிடம் கண்டபடி, எதிர்பாராமல் பழரசம் கிடைக்கும்போது துடித்த டோபமைன் நரம்புகள், ரசத்துக்கு முன்னால் ஓர் அடையாளம் வருமென்று பழகிய பின், அடையாளத்துக்குத் துடித்துவிட்டு, ரசம் வந்து சேரும் வேளையில் சும்மா இருந்துவிட்டன. வண்ண உறையும் விளம்பரமும் வறுவல் வாசனையும் தெருவெங்கும் மலிந்த சுபிட்ச காலத்தில் மூளைக்கு ஓய்வு ஏது?

மனிதர்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, ஆலைகளில் மிகவும் பதப்படுத்திய உணவை இரண்டு வாரமும், பதப்படுத்தாத உணவை இரண்டு வாரமும் வேண்டுமட்டும் உண்ணச் சொன்னார்கள். பரிமாறிய சர்க்கரையும் கொழுப்பும் இரண்டிலும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தும், ஆலை உணவு உண்ட நாட்களில் அவர்கள் தினந்தோறும் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். ருசியில் எது உயர்த்தி என்று கேட்டதற்கு, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் சொன்னார்களில்லை. ஆலை உணவைச் சற்று வேகமாக உண்டார்கள், அவ்வளவே.