தொழில் பயில வரும் இளைஞன்

தொழில் நடத்துவோர் பயிலுநர் ஒருவனைச் சேர்த்துக்கொள்ளும்போது, குறைந்த கூலிக்கு ஓர் ஆள் கிடைத்தான் என்று எண்ணிவிடுதல் பெருந்தவறாகும். கூலிக்கு வருபவன் தன் உழைப்பைத் தருகிறான். பயில வருபவனோ தன் இளமையின் சில ஆண்டுகளையே ஒப்படைக்கிறான். அவற்றுக்கு ஈடாக அவன் பெறவேண்டியது பணம் மட்டுமன்று, தொழிலுமாகும். இவ்வுண்மையை இலங்கை மலைநாட்டின் வரலாறே தெளிவாக எடுத்துரைக்கின்றது.

1852 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து இளைஞர் ஒருவர் இலங்கையில் வந்திறங்கினார். ஜேம்ஸ் டெய்லர் என்பது அவர் பெயர். அப்போது அவருக்கு 17 வயது நிரம்பவில்லை. கோப்பித் தோட்டத்தில் உதவியாளராக மூன்று ஆண்டுகள் பணியாற்றுவதற்கு ஆண்டொன்றுக்கு 100 பவுண் சம்பளம் என ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது. கோப்பி விளையாத நாட்டிற் பிறந்த அவர், தோட்டத்தில் நின்றே தொழிலைக் கற்றார். 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பங்களாத் தாழ்வாரத்திலே கொழுந்தைக் கையாற் சுருட்டுவித்து, மண்ணடுப்பில் கரிநெருப்பிட்டு உலர்த்திப் பார்த்தார். பின்னர் நோயினாற் கோப்பி அழிந்தபோது, நாட்டைத் தாங்கியது அத்தேயிலையே.

டெய்லருக்குப் பின்னும் இளைஞர் பலர் கடல் கடந்து வந்தனர். தொழில் கற்பதற்காகவே பெரியதுரைக்குப் பணம் செலுத்தியவர்களும் அவர்களுள் உண்டு. சின்னத்துரையாகப் பதவி பெறுவோருக்குத் தமிழும் வேண்டியிருந்தது. அதனால், ‘இங்கே வா’ என்னும் பெயரில் சின்னத்துரைமாருக்கான சட்டைப்பைத் தமிழ்க் கையேடு ஒன்றை ஏ. எம். பெர்குசன் எழுதினார். துரைமார் கற்ற மொழி லயத்தில் வாழ்ந்தோரின் மொழி. அவர்கள் கற்ற தொழிலைச் செய்து காட்டியவையும் அம்மக்களின் கைகளே.

ஆனால், அந்த லயத்துப் பிள்ளையின் நிலை யாது? கவ்வாத்துக் கத்தி தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. கொழுந்துக் கூடை தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. பேர் பதிந்தார்கள், ஆனால், இன்ன காலத்தில் இன்னது கற்பிக்கப்படும், அதன்பின் இன்ன பதவி கிட்டும் என்று அவர்களுக்கு எவரும் எழுதிக் கொடுத்ததில்லை. குறைவாக இருந்தது அறிவன்று, ஒப்பந்தமே.

இன்று தோட்டத்து இளைஞர் பலர் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழும்பிலும் கடைகளையும் மோட்டார் கராஜுகளையும் நாடிச் செல்கின்றனர். சிலர் உண்மையாகவே தொழில் கற்கின்றனர். வேறு சிலரோ கடை கூட்டியும் தேநீர் வாங்கி வந்தும் ஆண்டுகளைக் கழிக்கின்றனர். ஊரிலே பெற்றோர், “பிள்ளை தொழில் பழகுகிறான்” என்று நம்பியிருக்கின்றனர். இழந்த ஆண்டுகளை அவர்களுக்கு யார் மீட்டுக் கொடுப்பார்?

“கற்றுக் கொடுத்தால், நாளை எதிரிலேயே கடை திறப்பானே” என்று முதலாளிமார் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. எனினும், தொழில் தெரியாதவனை வைத்துக்கொள்வதால் நட்டமடைவதும் முதலாளியே. டெய்லர் 1892 இல் மறையும் வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மலைநாட்டிலேயே உழைத்தார். கற்றவன் எல்லாம் ஓடிவிடுவதில்லை. மதிப்பும் வளர்ச்சியும் உள்ள இடத்தில் நிலைத்து நிற்பவர் பலர்.

ஆதலின், இளைஞனைச் சேர்க்கும் நாளிலேயே மூன்றனை எழுதிக்கொள்ளுதல் நலம்: பயிற்சிக்காலம் எவ்வளவு, ஒவ்வோராண்டிலும் கற்பிக்கப்படுவது எது, கொடுப்பனவு எவ்வாறு உயரும் என்பனவே அவை. பயிலுநர் பயிற்சிக்கென 1971 இல் 49 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. வேலைக்கு அமர்த்தும் மிகக் குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. பள்ளியிலிருக்க வேண்டிய சிறுவனைப் பயிலுநன் என்று பெயரிட்டு அழைத்தல் சட்டத்துக்கும் முறைக்கும் புறம்பாகும்.

அன்று கடல் கடந்து வந்த இளைஞருக்குக் கிடைத்த ஓர் ஒப்பந்தத் தாள், மலையிறங்கி வரும் பிள்ளைக்கும் கிடைக்கட்டும். மகனைக் கையளிக்கும் தாய் கேட்பது சலுகையன்று. அவன் ஒரு தொழிலுடன் திரும்ப வேண்டும் என்பதே.